செருப்புக் காசிலிருந்து உப்புமா வரை

தமிழ்நாட்டின் முதல் ஆர்.சி. ஆரம்பப் பள்ளிக்குக் கூரை கிடையாது, பெஞ்சு கிடையாது, தலைமையாசிரியருக்குத் தமிழும் கிடையாது. 1542 அக்டோபரில் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்த பிரான்சிஸ் சவேரியாருக்கு அப்போது வயது 36. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அங்கேயே தத்துவப் பாடமும் நடத்தியவர். அரிஸ்டாட்டிலைக் கரைத்துக் குடித்த மனிதரைக் கொண்டுவந்து கடற்கரை மணலில் நிறுத்தினால் என்ன செய்வார்? கையில் ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக ஆட்டிக்கொண்டே போனார். பையன்கள் வந்துவிட்டார்கள். மணியடித்தால் பள்ளிக்கு வருவது என்ற பழக்கத்தை நாம் விட்டிருந்தால்தானே திரும்பப் பிடிக்க வேண்டும். அதற்கு இன்றோடு வயது ஐந்நூறை நெருங்குகிறது.

பாடத்திட்டம் எளிது. இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்த ஆட்களை உட்கார வைத்து மந்திரங்களைத் தமிழில் பெயர்த்துக்கொண்டார். அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார். பிறகு பையன்களை மனப்பாடம் செய்ய வைத்தார். நாளைக்கு இரண்டு வேளை வகுப்பு, ஒரு மாதம் படிப்பு. வாத்தியாரும் உருப்போட்டவர், மாணவனும் உருப்போட்டவன்; அர்த்தம் கேட்டு யாரும் யாரையும் சங்கடப்படுத்தவில்லை. இன்றைய பி.எட். கல்லூரிகள் இதற்குப் பெரிய பெயராக ஏதாவது வைத்திருக்கும்.

வீட்டுப்பாடமும் உண்டு. படித்ததை அப்பா, அம்மா, வேலைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதோடு விட்டாரா? ஊரில் யாருக்காவது காய்ச்சல் என்று கூப்பிட்டால், தமக்கு நேரமில்லாதபோது பையன்களிடம் தம் ஜெபமாலையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். எட்டு வயது உதவிப் பங்குச்சாமிகள் வீடு வீடாகப் போய் மந்திரம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். பிள்ளைகள் தம்மைச் சாப்பிட விடுவதில்லை, தூங்க விடுவதில்லை, சொந்த ஜெபம்கூடச் சொல்ல விடுவதில்லை என்று ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதினார். ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மேலிடத்துக்கு எழுதிய முதல் மனு அதுவாகத்தான் இருக்க வேண்டும். பதில் வந்து சேரப் பல மாதமாகும் என்பதிலும் பெரிய மாற்றம் இல்லை.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் சம்பளப் பட்டுவாடா. சவேரியார் அடுத்த ஊருக்குப் போனால் இந்த ஊரில் பிள்ளைகளை யார் ஒப்பிக்க வைப்பது? ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். அவருக்குச் சம்பளம்? முத்துக்குளித்துறை வருமானத்திலிருந்து 4,000 பணம் போர்த்துக்கல் அரசி கத்தரினாவின் செருப்புச் செலவுக்கென்று போய்க்கொண்டிருந்தது. ஆம், செருப்புக்கு. சவேரியார் அரசிக்கு எழுதினார்: மோட்சத்துக்கு ஏறிப்போக இந்தப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு உங்களுக்குக் கிடைக்காது, அந்தக் காசை இங்கேயே விட்டுவிடுங்கள் என்று பொருள்படும்படி. அரசி சம்மதித்தார். தமிழ்நாட்டில் ஆசிரியர் சம்பளத்துக்கு வந்த முதல் மானியம் ஒரு மகாராணி வாங்காமல் விட்ட செருப்பு.

ஆர்.சி. பள்ளிகளின் வரலாற்றைக் கல்வித் தொண்டு, அறிவொளி என்று நூற்றாண்டு மலர்களில் எழுதுகிறவர்கள் எழுதட்டும். முகப்பில் ஆயர் படம், அடுத்த பக்கத்தில் அமைச்சர் வாழ்த்து. எனக்கு அந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள இரண்டு கேள்விகள் போதும். செலவு யாருடையது? பதிலுக்கு நாம் என்ன ஒப்பித்தோம்?

சவேரியாருக்குப் பின் வந்த அந்திரிக் அடிகளார் உண்மையிலேயே தமிழ் படித்தவர். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகி வெளிவந்தது. பதினாறே பக்கம். இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகம். தமிழன் என்ன அச்சடித்தான் என்று கேட்டால் குறள், தேவாரம் என்று மார்தட்ட ஆசைதான். ஆனால் முதலில் அச்சேறியது உருப்போடுவதற்கான ஞானோபதேசச் சிறுநூல். மறு ஆண்டே கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’. அது கேள்வி–பதில் வடிவம்: குரு கேட்பார், சீடன் சொல்வான். கேள்வியும் அச்சில், விடையும் அச்சில். கோனார் உரைக்கு யார் முன்னோடி என்று ஆராய்கிறவர்கள் இங்கே வந்து தேடலாம்.

மதுரையில் கதை வேறு மாதிரி. 1595 முதல் கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற முன்னாள் போர்வீரர் அங்கே பாதிரியாராக இருந்தார். ஒரு கோயில், ஒரு மருந்தகம், ஒரு ஆரம்பப் பள்ளி. பதினோரு வருஷம் உழைத்தும் மதுரைக்காரர் ஒருவரைக்கூட அவரால் ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் கொண்டுவர முடியவில்லை. ஆனால் பள்ளி மட்டும் நடந்தது. பள்ளியின் வாத்தியார் சைவர். கத்தோலிக்க நிர்வாகம், இந்து ஆசிரியர், பையன்கள் படிப்புக்காக மட்டும் வருகிறவர்கள், பாதிரியாருக்கு வரவு–செலவுக் கவலை. இன்றைய அரசு உதவிபெறும் பள்ளியின் அச்சு அசல் 1600லேயே தயார்.

1606இல் ராபர்ட் டி நொபிலி வந்தார். வந்த கொஞ்ச நாளில் அந்தச் சைவ வாத்தியாரோடு வாதத்தில் இறங்கினார். உலகத்தை யார் படைத்தது, மறுபிறவி உண்டா என்று ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம் வீதம் இருபது நாள் பேசினார்கள். இருபதாம் நாள் முடிவில் வாத்தியார் ஒப்புக்கொண்டார், ஆல்பர்ட் ஆனார். மறைமாவட்ட வரலாறுகள் இதை மாபெரும் மனமாற்றம் என்று எழுதும். நான் பையன்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறேன். ஆசிரியருக்கு இருபது நாள் பயிற்சி முகாம் என்றால் வகுப்புக்கு இருபது நாள் விடுமுறை. வைகையில் அப்போது தண்ணீரும் இருந்திருக்கும். மறுபிறவி உண்டா இல்லையா என்ற கேள்வி இன்னும் ஒரு பத்து நாள் இழுத்திருந்தால் அவர்களுக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

அடுத்த நூற்றாண்டில் வந்த வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் இருந்துகொண்டு உபதேசியார்களைத் தயார் செய்தார். அவர்களுக்காக ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார். எகர ஒகரக் குழப்பத்துக்கு முடிவுகட்டி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சுமையைக் கொஞ்சம் கூட்டினார். ஆனால் பள்ளிக்கூடத்தின் உள்ளும் புறமும் தெரிந்த மனிதர் என்பதற்குச் சாட்சி ‘பரமார்த்த குரு கதை’தான். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். அவர்களைவிட ஒரு படி மேலே குரு. ஆசிரியப் பணியில் நாலு வருஷம் இருந்த யாருக்கும் இதை எழுத ஆசை வரும், தைரியம் வராது. அந்தச் சீடர்கள் ஆற்றைக் கடந்ததும் தன்னைச் சேர்க்காமல் எண்ணி, ஒரு ஆள் குறைகிறது என்று அழுதார்கள். பிற்காலத்து மானியப் பள்ளிகள் இந்தக் கணக்கை நேர்செய்துவிட்டன: தலையை எண்ணினால் இருபத்தாறு, வருகைப் பதிவேட்டில் முப்பத்திரண்டு.

மானியம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு முன் சட்டாம்பிள்ளைக்கு ஒரு வணக்கம் வைத்துவிட வேண்டும். 1789இல் சென்னை ஆதரவற்ற சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்பவர் கத்தோலிக்கர் அல்ல, ஆங்கிலிக்கன். நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதையும், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்தார். ஆகா, ஒரு வாத்தியார் சம்பளத்தில் நூறு பேரை மேய்க்கலாமே என்று தோன்றியிருக்கிறது. 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று உலகம் சுற்றியது. திண்ணைப் பள்ளியில் முரட்டுப் பையனாகப் பார்த்து வைக்கும் சட்டாம்பிள்ளை, இங்கிலாந்து போய்ப் பெயர் மாற்றிக்கொண்டு, கிளாஸ் லீடராக நம் பள்ளிக்கே திரும்பி வந்தான். பேசியவர் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைத்து மிட்டாய் வாங்கியவர்கள் தங்கள் வம்ச வரலாறு இவ்வளவு பெரிது என்று தெரிந்துகொள்ளட்டும்.

ஆர்.சி. பள்ளிகளுக்குத் திரும்புவோம். சவேரியார் முதல் வீரமாமுனிவர் வரை எல்லோரும் இருந்த இயேசு சபையை 1773இல் போப்பாண்டவரே கலைத்துவிட்டார், பள்ளிகளும் படுத்துவிட்டன. பிரெஞ்சுச் சாமிமார்கள் திரும்ப வந்து கணக்கைத் தொடங்கியது 1830களின் இறுதியில். 1844இல் புதுச்சேரி மாமன்றம் கூடி, ஊருக்கு ஊர் பள்ளி வேண்டும் என்று முடிவெடுத்தது. அதே ஆண்டு துப்புயி அடிகளார் பெண் பிள்ளைகள் படிப்புக்கென்றே தமிழ்ப் பெண்களைக் கொண்டு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண்ணைப் படிக்க வைத்தால் கடிதம் எழுதி ஓடிப்போவாள் என்று நம்பிய காலம். துப்புயி கன்னியர்களையே வாத்தியாராக்கிவிட்டார். கல்யாணமே வேண்டாம் என்று சத்தியம் செய்துகொடுத்தவளைப் பார்த்து ஊர் என்ன சொல்லும்?

1854இல் வுட் அறிக்கை வந்தது. தனியார் பள்ளிக்கும் அரசு மானியம் உண்டு என்றது. மகாராணி செருப்புக் காசு போய், இன்னொரு மகாராணியின் கஜானா. ஆனால் இந்த மகாராணி காசைச் சும்மா கொடுப்பவர் அல்ல. 1860களிலிருந்து சென்னை மாகாணத்தில் ‘தேர்ச்சிக்கேற்ற மானியம்’. இன்ஸ்பெக்டர் வந்து பிள்ளைகளைப் பரீட்சிப்பார். எத்தனை பேர் தேறுகிறார்களோ அதற்குத் தக்கபடி பணம். ஒரு பையன் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கினால் வாத்தியார் வீட்டில் சோறு குறையும். வாய்ப்பாடு ஒப்பிக்காத பையனின் முதுகு ஏன் அந்தக் காலத்தில் அவ்வளவு வீங்கியது என்பதற்கு உளவியல் காரணம் தேட வேண்டியதில்லை. பொருளாதாரக் காரணமே போதும்.

இன்ஸ்பெக்டர் கதை என்றால் என் அப்பா காலத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் நடந்ததாகச் சொல்வது ஒன்று உண்டு. அரைக் கால்சட்டையும் தொப்பியுமாக இன்ஸ்பெக்டர் மூன்றாம் வகுப்பில் நுழைந்தார். அன்று விஞ்ஞானப் பாடம்.

“எங்கும் நிறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அது இல்லாட்டா நாம உயிரோட இருக்க முடியாது. அது என்ன?”

வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் கூரை தெறிக்கக் கத்தியது: “சர்வேசுரன்!”

இன்ஸ்பெக்டர் தலைமையாசிரியரைப் பார்த்தார். “என்ன சார்வாள், காற்றுன்னு சொல்ல மாட்டானுவளா?”

“ஐயா, காலையில முத மணி ஞானோபதேசம். நீங்க கேட்ட கேள்வி அதுல அப்படியே இருக்கு. தப்புன்னு போட்டியள்னா நான் சாமியாருக்குப் பதில் சொல்லணும்.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். அன்று காற்றும் இல்லை. முழு மார்க் விழுந்தது என்பது அப்பா சொன்னது. பாதி மார்க்தான் என்பது சித்தப்பா சொன்னது.

ஞானோபதேசம் சமத்துவம் சொல்லியது. ஊர் அதை ஒப்பித்துவிட்டு வேறு வேலை பார்த்தது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயிலை மேலிருந்து பார்த்தால் கால்சட்டையை விரித்துப் போட்டதுபோல் இருக்கும்: சாதிக்கு ஒரு கால், இரண்டு காலும் சேருமிடத்தில் பீடம். நடுவில் சுவர். சர்வேசுரன் எங்கும் நிறைந்தவர், ஆனால் சுவருக்கு இந்தப் பக்கத்தவர் அந்தப் பக்கம் நிறையக் கூடாது. 1910இல்தான் அந்தச் சுவரை இடித்தார்கள், அதற்கும் வழக்கு, வம்பு, நீதிமன்றம். பள்ளிக்கூடங்களில் சுவர் எழுப்பக் காசு இல்லாததால், பல ஊர்களில் மணலில் உட்கார்கிற இடமே போதுமானதாக இருந்தது. நூற்றாண்டு மலர்களில் இந்தப் பக்கம் மட்டும் எப்போதும் அச்சுப்பிழையால் விடுபட்டுவிடும்.

எங்கள் பள்ளிக்கு வருவோம். ஓட்டுக் கூரை, நீளமாக ஒரே கூடம், ஐந்து வகுப்பு, மூன்று ஆசிரியர். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் இல்லை, கரும்பலகைதான். இந்த மூலையில் ஒன்றாம் வகுப்பு ‘அ, ஆ’. அந்த மூலையில் மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு. நடுவில் ஐந்தாம் வகுப்பில் அசோகர் மரம் நட்டுக்கொண்டிருப்பார். இரண்டாம் வகுப்பில் இருந்துகொண்டே ஐந்தாம் வகுப்புப் பாடம் வரை காதில் வாங்கிவிடலாம்; ஐந்தாம் வகுப்பு வந்ததும் புதிதாகக் கேட்க ஒன்றும் இருக்காது, ஆகவே தூங்கலாம். மணி என்பது புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. ரயிலே வராத ஊருக்குத் தண்டவாளம் எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. வாரத்துக்கு ஒருநாள் ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவோம். சிலேட்டுக் குச்சியில் பாதி எழுதத் தேயும், பாதி வயிற்றுக்குள் போகும்.

கூடத்தின் கிழக்குச் சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம். தப்புச் செய்தவன் அதன் முன்னால் முழங்காலில் நிற்க வேண்டும். கோயிலில் பக்திக்கும் முழங்கால், பள்ளியில் தண்டனைக்கும் முழங்கால். ஏழு வயதில் இரண்டுக்கும் வித்தியாசம் விளங்கவில்லை, இப்போதும் முழுதாக விளங்கவில்லை. ஒருமுறை வெளியூர்ச் சாமியார் ஒருவர் வந்தார். படத்தின் முன் வரிசையாக ஏழு பேர் முழங்காலில். “என்ன பக்தியான பிள்ளைகள்!” என்று நெகிழ்ந்துபோய் ஆளுக்கொரு சுரூபம் கொடுத்துவிட்டுப் போனார். கணக்கை ஒழுங்காகப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த நல்ல பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சிஸ்டர் கேரளத்துக்காரர். கோபம் வந்தால் “மிண்டாதிரிக்கு!” என்பார். அதை நாங்கள் லத்தீன் என்றே நம்பியிருந்தோம். பூசை தமிழுக்கு மாறிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. எங்கள் அண்ணன்மார்கள் பீடச்சிறுவர்களாக லத்தீன் பதில்களைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி உருப்போட்டவர்கள். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. மணியை எப்போது அடிப்பது என்று மட்டும் தெரியும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை ரோமில் கூடி உலகத் திருச்சபையைப் புரட்டிப் போட்டதில் எங்கள் ஊருக்குப் புரிந்த ஒரே மாற்றம், சாமி இப்போது நம்மைப் பார்த்து நிற்கிறார், இனிமேல் பின்வரிசையில் பேச முடியாது என்பதுதான்.

புதுநன்மைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம். எட்டு வயதில் என்ன பெரிய பாவம் கைவசம் இருக்கும்? சிஸ்டருக்கு அது தெரியும். ஆகவே கரும்பலகையில் மாதிரிப் பாவங்கள் எழுதிப் போட்டார்: பொய் சொன்னேன், சண்டை போட்டேன், பெற்றோர் சொல் கேட்கவில்லை. நாங்கள் சிலேட்டில் எழுதிக்கொண்டு உருப்போட்டோம். முப்பது பேரும் அதே மூன்று பாவத்தை அதே வரிசையில் சொல்லக் கேட்டுப் பெரிய சாமியார் கூண்டுக்குள் கண்ணயர்ந்திருந்தார். என் பக்கத்தில் இருந்தவன் மட்டும் எதற்கு வம்பு என்று பத்துக் கற்பனையையும் வரிசையாக ஒப்பித்து, பத்தையும் மீறினேன் என்று சொல்லிவிட்டான். சாமியார் விழித்துக்கொண்டார்.

“ஏலே, கொலையுமா?”

“ஆமா சாமி.”

“எத்தன தடவ?”

எண்ணிக்கை சொல்லாவிட்டால் பாவம் செல்லாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். “வாரத்துக்கு ரெண்டு தடவ சாமி.”

பாவசங்கீர்த்தன ரகசியத்தைச் சாமியார் வெளியே சொல்லக் கூடாது. சொல்லவும் இல்லை. ஊர் முழுக்கச் சொன்னது அவனேதான். மூன்று அருள் நிறை மந்திரம் அபராதம். அதே மூன்று மந்திரம்தான் பொய் சொன்ன எங்களுக்கும்.

மறைக்கல்விப் பரீட்சையில் முதல் பரிசு வருஷா வருஷம் டீக்கடைக்காரர் மகனுக்குத்தான் போகும். அவர்கள் வீட்டில் சுடலைமாடனுக்குக் கிடா வெட்டுவார்கள். இந்துப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு தனியாக உண்டு. ஆனால் ஒரே கூடத்தில் எதைத் தனியாக நடத்துவது? அவன் இரண்டையும் கேட்டான், இரண்டையும் ஒப்பித்தான். ஏழு தேவதிரவிய அனுமானங்களைக் கேட்டால் நாங்கள் ஐந்தில் திணறுவோம். அவன் ஏழையும் சொல்லிவிட்டு, மேலே ஏதாவது வேண்டுமா என்பதுபோல் நிற்பான். சிஸ்டர் பரிசாகக் கொடுத்த ஜெபமாலை அவர்கள் கடை கல்லாப்பெட்டிக்கு மேலே, பிள்ளையார் படத்தின் ஆணியில் தொங்கியது. யாருக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததில்லை, பிள்ளையார் உட்பட.

பள்ளியின் தாளாளர் பங்குச்சாமியார். பங்கின் நிதியமைச்சகம் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பிந்திய ஏலம். இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கோயில் வாசலில் வேப்பமரத்தடி. காணிக்கையாக வந்த சேவல், வாழைத்தார், ஒரு முருங்கைக்காய்க் கட்டு, ஒரே ஒரு முட்டை. ஏலம் விடுபவர் எங்கள் தலைமையாசிரியர். வாரம் முழுதும் கத்திப் பழகிய தொண்டை. சேவலும் தாரும் சீக்கிரம் போய்விடும். முட்டையில்தான் கௌரவம் இருக்கிறது.

“முட்டை நாலணா! நாலணா ஒரு தரம்!”

மேலத்தெருக்காரர் எட்டணா என்பார். கீழத்தெருக்காரர் விடுவாரா? “ஒரு ரூவா, சார்வாள்!” மூன்று ரூபாய்க்கு முட்டை கீழத்தெருவுக்குப் போகும். வாங்கியவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். முட்டையை உயர்த்திக் காட்டி, “கோயிலுக்கே!” என்று திரும்பக் கொடுத்துவிடுவார். முட்டை மறுபடி ஏலத்துக்கு வரும். இப்போது மேலத்தெருவின் மானம். ஐந்து ரூபாய். அவரும் “கோயிலுக்கே!” இப்படி ஒரே முட்டை நாலு சுற்றுச் சுற்றும். கடையில் முப்பது பைசா முட்டை பள்ளிக்கூட ஓட்டுக்குப் பதினெட்டு ரூபாய் ஈட்டிக் கொடுத்த வாரம் எனக்கு நினைவிருக்கிறது. கோழிக்கு அந்தத் திறமை கிடையாது. கடைசியில் அதைக் கோயில்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரித்துச் சாப்பிட்டார். நாங்கள் கூட்டல் கணக்கு படித்தது அங்கேதான். சாதிக் கணக்கும் அங்கேதான்.

ஆசிரியர் சம்பளத்தில் வேறொரு கணக்கு. உதவிபெறும் பள்ளிகளில் அரசுப் பணம் நிர்வாகத்தின் கைவழியாக வந்த காலத்தில், கையெழுத்துப் போடுவது ஒரு தொகைக்கு, கைக்கு வருவது இன்னொரு தொகைக்கு என்று எல்லா ஊர் வாத்தியார்களும் ஒரே குரலில் சொல்வார்கள். நடுவில் விடுபட்டது காணிக்கையாம். கொடுத்தவருக்கே தெரியாமல் கொடுத்த காணிக்கைக்குப் பலன் அதிகம் என்று தேற்றிக்கொண்டார்கள்.

பிறகு அமெரிக்கா வந்தது. காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்க, 1960களில் கேர் நிறுவனத்தின் உதவியும் அதோடு சேர்ந்துகொண்டது. மூட்டை மூட்டையாகக் கோதுமைக் குருணை, டின் டின்னாக எண்ணெய், பால் பவுடர். கோதுமை உப்புமாவின் வாசம் பதினொன்றரைக்கே கூடத்துக்குள் வரும். அதற்குப் பிறகு அசோகர் நட்ட மரமெல்லாம் வீண். அண்டாவில் காய்ச்சிய பவுடர் பாலைக் குடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் கருவேலங்காட்டுப் பக்கம் ஓடியவர்கள் பட்டியல் வருகைப் பதிவேட்டைவிட நீளம். காலி மூட்டையையும் விடவில்லை. வெளுத்துத் தைத்தால் அருமையான கால்சட்டை. இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் சின்னமும், அமெரிக்க மக்களின் அன்பளிப்பு, விற்பனைக்கல்ல என்ற வாசகமும் எத்தனை வெளுத்தாலும் போகாது. எங்கள் வகுப்பில் ஒருவன் பின்பக்கம் ‘விற்பனைக்கல்ல’ என்ற உறுதிமொழியோடு ஐந்தாம் வகுப்பு முடித்தான். பதிலுக்கு நாங்கள் என்ன ஒப்பித்தோம்? விருந்தாளி வரும் நாளில் இங்கிலீஷில் ஒரு வரவேற்புப் பாட்டு. அதன் அர்த்தமும் எங்களுக்குத் தெரியாது.

1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு. கோதுமை போய் அரிசி வந்தது. 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டை வந்தது. பிள்ளைக்கு ஒரு முட்டை, அதுவும் அவித்தது, யாரும் அதை உயர்த்திக் காட்டி “கோயிலுக்கே!” என்று சொல்லவில்லை. அவித்த முட்டையை நாலு சுற்று ஏலம் விட முடியாது என்பதைக் கண்டு எங்கள் கோயில்பிள்ளை ஒருவர்தான் வருத்தப்பட்டார்.

2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தபோது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் என்றார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஊராட்சிப் பள்ளியில் பொங்கல், இந்தப் பக்கம் ஆர்.சி. பள்ளியில் காலை ஜெபம். தினந்தோறும் உணவைத் தாரும் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்; சர்வேசுரன் கோப்பைக் கோட்டைக்கு அனுப்பினார். கோட்டையில் அது இரண்டு வருஷம்போலப் பயணம் செய்தது. ஊரகப் பகுதிகளில் உள்ள 3,995 உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் திட்டத்தை விரிவாக்கி, 2024 ஜூலை 15 அன்று, காமராசர் பிறந்த நாளில், திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். தேர்ந்தெடுத்த இடம் புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. அன்று திங்கட்கிழமை. திட்டத்தின் பட்டியலில் அப்போது திங்கட்கிழமைக்கு எழுதியிருந்தது உப்புமா.